மண்டைக்காட்டிலிருந்து இடிந்தகரைக்கு

கூடங்குளம் அணுஉலை எதிர்ப்புப் போராட்ட நாட்கள். இடிந்தகரை லூர்து மாதா கோவிலுக்கு முன்னால் பந்தல். அடியில் மணலில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் முறம். இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூல் சுற்றி, அடுத்த பீடிக்குக் கை போய்விடும். போராட்டத்துக்கு வந்தாலும் அன்றைய கூலி போய்விடக் கூடாது. காது மட்டும் மேடைப் பக்கம். மேடையில் பேசுகிறவர் கடலில் வலை போட்டவரில்லை, அந்தக் கோவிலின் சபையைச் சேர்ந்தவருமில்லை. நாகர்கோவிலில் ஓர் இந்துக் குடும்பத்தில் பிறந்த சுப. உதயகுமாரன்.

இந்தக் காட்சியின் அருமை குமரி மாவட்டத்துக்காரர்களுக்குத்தான் முழுசாக விளங்கும். 1982 மார்ச் 1-ம் தேதி மண்டைக்காடு கோவிலின் மாசிக் கொடையில் மூண்ட கலவரத்தில் கடற்புறத்துக் கிறிஸ்தவர்களும் உள்நாட்டு இந்துக்களுமாக மாவட்டம் இரண்டாகப் பிளந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பல ஆண்டுகள் சந்தையிலும் பேருந்திலும்கூட ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்ட ஊர் இது. அதே மண்ணின் மகன் ஒருவரை, பக்கத்து மாவட்டத்து மீனவக் கிராமம் ஆண்டுக்கணக்கில் தன் கோவில் வளாகத்தில் வைத்துக் காத்தது. அணுஉலை எதிர்ப்பு பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. இதைப் பற்றி யாரும் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் ஆதங்கம்.

மண்டைக்காடு எரிந்தபோது உதயகுமாரன் ஊரில் இல்லை. 1981 முதல் 1987 வரை எத்தியோப்பியாவில் ஆசிரியர். ராணுவ ஆட்சியும் கொடும் பஞ்சமும் ஒன்றாகத் தாக்கிய ஆண்டுகள் அவை. அந்த எண்பதுகளில்தான், இந்தியப் பெருங்கடலில் வல்லரசுகளின் படைத்தளமும் அணு ஆயுதமும் வேண்டாம் என்று நண்பர்களோடு ஒரு சிறு குழு தொடங்கினார். பிறகு அமெரிக்காவில் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தில் அமைதியியல் படிப்பு, 1996-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். மத அரசியல் வரலாற்றை எப்படித் திரிக்கிறது என்பது அவரது ஆய்வுப் பொருள். மண்டைக்காட்டின் கேள்வியைத்தான் அவர் அங்கே சுமந்து போயிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

2001-ல் ஊர் திரும்பினார். அதே ஆண்டு அணுசக்திக்கு எதிரான மக்கள் இயக்கம் உருவானது. எதிர்ப்பு அதற்கு வெகு முன்பே இருந்தது. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கூடங்குளம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1989 மே 1-ல் கன்னியாகுமரியில் திரண்ட மீனவர் பேரணியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. உலைக்குப் பேச்சிப்பாறை அணையிலிருந்து தண்ணீர் எடுப்பதாக அப்போது திட்டம். கன்னிப்பூ, கும்பப்பூ நெல் பருவங்களுக்கு அந்தத் தண்ணீரை நம்பியிருந்த நாஞ்சில் விவசாயிகள் கொதித்தார்கள். கடைசியில் உலை நிர்வாகம் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையைக் கட்டிக்கொண்டது. வயல்காரருக்கும் வலைக்காரருக்கும் கவலை ஒன்றுதான் என்பதை அந்த அணைத் தண்ணீர் காட்டிக்கொடுத்தது.

2011 மார்ச்சில் ஜப்பானில் சுனாமியால் ஃபுக்குஷிமா அணுஉலை விபத்து. 2004-ல் சுனாமி வாரிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்த கரை இது. யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. செப்டம்பர் 11-ல் 127 பேர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மக்கள் அச்சம் தீரும் வரை பணியை நிறுத்தக் கோரி 22-ம் தேதி தமிழக அமைச்சரவை தீர்மானம் போட்டது. ஆறே மாதம். 2012 மார்ச் 19-ல் அதே அமைச்சரவை உலைக்குப் பச்சைக்கொடி காட்டியது. அந்த நாட்களில்தான் நாகர்கோவிலில் உதயகுமாரன் குடும்பத்தார் நடத்திய பள்ளிக்குள் புகுந்து சிலர் அடித்து நொறுக்கினார்கள். செப்டம்பர் 10-ல் கடற்கரையில் தடியடி, கண்ணீர்ப்புகை. மணப்பாட்டில் ஒரு மீனவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தேசத்துரோக வழக்கு 8,000 பேருக்கு மேல். பீடி சுற்றிய அந்தக் கைகள் தேசத்துக்கு என்ன துரோகம் செய்திருக்க முடியும்?

2013 மே 6-ல் உச்ச நீதிமன்றம் 15 நிபந்தனைகளோடு உலையை அனுமதித்தது. வழக்குகளைத் திரும்பப் பெற முயலவும் சொன்னது. உலை ஓடத் தொடங்கியது. 2014-ல் உதயகுமாரன் கன்னியாகுமரி நாடாளுமன்றத் தொகுதியில் ஆம் ஆத்மி வேட்பாளராக நின்று தோற்றார். அவ்வாண்டே அக்கட்சியை விட்டு விலகினார். பிறகு பச்சைத் தமிழகம் என்று சொந்தக் கட்சி. தேர்தல் அவருக்குத் தோதான களமில்லை என்பது என் எண்ணம். ஓட்டுக் கணக்கில் அவரை அளப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

அணு பற்றிய கவலை கூடங்குளத்தோடு முடியவில்லை. மண்டைக்காட்டுக்குப் பக்கத்து மணவாளக்குறிச்சிக் கரையில் அலை பின்வாங்கும்போது மணலில் கறுப்பாக ஒரு வரி படியும். ஒரு கை அள்ளினால் சாதா மணலைவிடக் கனக்கும். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட்டைக் கண்டார். தோரியம் இருக்கும் மணல் அது. இப்போது கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அந்த மணலைத் தோண்டத் திட்டமிட்டிருக்கிறார்கள். அந்த நிலத்தில் கடற்புற ஊர்களும் இருக்கின்றன, தென்னந்தோப்புகளும் இருக்கின்றன.