முகத்தில் சிரிப்பே இல்லை, அரங்கில் சிரிப்பு அடங்கவில்லை: யார் இந்த டிலன் மோரன்?

கலைந்த தலை, கசங்கிய கோட்டு, ஒரு கையில் சிகரெட், இன்னொரு கையில் ஒயின் கிளாஸ். ‘ஏன்தான் இங்க வந்தோமோ’ என்பதுபோல மேடையில் நிற்பார். முகத்தில் துளி சிரிப்பு இருக்காது. எதிரே இருப்பவர்களுக்கோ சிரித்துச் சிரித்தே வயிறு வலிக்கும். இதுதான் அயர்லாந்து ஸ்டாண்ட்-அப் கலைஞர் டிலன் மோரனின் ஸ்டைல். ஆங்கிலத்தில் இதற்கு ‘டெட்பேன்’ என்று பெயர்.

மாடியில் ஒரு ‘நிலவறை’

1971-ல் நேவன் நகரில் பிறந்த மோரன், 16 வயதில் பள்ளியை விட்டுவிட்டார். 1992-ல் டப்ளினின் ‘காமெடி செல்லார்’ மேடையில் முதன்முறையாக ஏறினார். செல்லார் என்றால் நிலவறை. ஆனால், அது இருந்ததோ ஒரு மதுக்கூடத்தின் மாடியில்! அடுத்த ஆண்டே எடின்பரோவில் புதுமுகங்களுக்கான போட்டியில் வெற்றி. 1996-ல், 24 வயதில், பெரியர் விருது. அதுவரை அவ்வளவு சின்ன வயதில் யாரும் அதை வாங்கியதில்லை.

வாடிக்கையாளரைப் பிடிக்காத கடைக்காரர்

2000-ல் சேனல் 4-ல் வந்த ‘பிளாக் புக்ஸ்’ தொடர்தான் அவரை வீடுதோறும் கொண்டுபோனது. புத்தகக் கடை நடத்துபவர். ஆனால் புத்தகம் வாங்க யாராவது வந்தாலே எரிச்சலாகிவிடுவார். மேடையில் பார்த்த அதே சிடுமூஞ்சிதான்! இரண்டு முறை பாஃப்டா விருது வாங்கிய இந்தத் தொடர், 18 எபிசோடுகளோடு 2004-ல் முடிந்தது. மோரன் மறுபடியும் மைக்கைப் பிடித்து ஊர் ஊராகக் கிளம்பினார்.

எப்படிச் சிரிக்க வைக்கிறார்?

‘இது ஜோக், இப்ப சிரிங்க’ என்று அவர் முகம் சொல்லாது. முணுமுணுப்பாகத் தொடங்குவார். நடுவில் பேச்சை மறந்தவர்போல நிற்பார். பிறகு, யாரும் எதிர்பார்க்காத ஓர் உவமையைப் போட்டு உடைப்பார். குடும்பம், காதல், முதுமை என எல்லாம் வீட்டு விஷயங்கள்தான். அந்த நேரத்தில் தோன்றியதைப் பேசுவதுபோல இருக்கும். ஆனால், சிரிப்பு விழுவதே அவர் தேர்ந்தெடுக்கும் அந்த ஒற்றை வார்த்தையில்தான்.

கிளாஸ் போனது, பிறகு?

குடிகாரத் தோற்றமே அடையாளமாகிவிட்ட ஒருவர் குடியை விட்டால் என்ன ஆகும்? மோரன் விட்டார். அதையும் மேடையிலேயே பேசினார். கையில் கிளாஸ் இல்லை. ஆனால் அதே சலிப்பு, அதே முணுமுணுப்பு. அரங்கில் அதே சிரிப்பு. இத்தனை வருடமும் ரசிகர்கள் சிரித்தது அந்தக் கிளாஸுக்காக இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.