நெய்வேலி: கணக்கில் வராத மக்கள்

நெய்வேலியின் வரலாறு பெரும்பாலும் நிலம் கொடுத்தவர்களின் பெயரோடு தொடங்குகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் பழுப்பு நிலக்கரி தென்பட்டது. 1956இல் பொதுத்துறை நிறுவனம் உருவாயிற்று. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி வெட்டப்பட்டது. அடுத்த ஆண்டே மின்சாரம் கிடைத்தது. அந்நிலங்களில் தலைமுறைகளாக ஏர் ஓட்டியவர்களும் நாற்று நட்டவர்களும் இவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை.

நெய்வேலிச் சுரங்கம் திறந்தவெளிச் சுரங்கம். மேல்மண்ணை அகற்றி, நிலக்கரியை வெட்டி, அடுத்த நிலத்தை நோக்கி அது நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே வெளியேற்றமும் 1950களோடு முடியவில்லை. 2023 சூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின்மீது மண் வெட்டும் எந்திரங்கள் இறக்கப்பட்டது அதன் தொடர்ச்சியே.

நகரியத்தின் மக்கள்தொகை 2001இல் ஏறத்தாழ 1,28,000, 2011இல் 1,05,731. சுரங்கம் விரியும்போது நகரம் சுருங்குவது முரணாகத் தோன்றலாம். ஆனால் நகரியம் நிரந்தர ஊழியர்களுக்காகக் கட்டப்பட்டது. அவர்கள் ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களில் மிகப் பலரோ மந்தாரக்குப்பம், வடக்குத்து போன்ற சுற்றுப்புறங்களில் வாழ்கின்றனர். ஒரே சுரங்கத்தில் உழைத்தாலும், நகரத்தின் கணக்கில் அவர்கள் இல்லை.

இழப்பீட்டுக் கணக்கிலும் இதே விடுபடல் நேர்ந்தது. 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் நிலத்தில் உரிமை உள்ளவரையே இழப்பீட்டுக்கு உரியவராகக் கண்டது. ஊரில் பட்டா இருந்தது. சேரியில் கூலி உழைப்பு மட்டுமே இருந்தது. நிலம் போனபோது நிலவுடைமையாளர் பணம் பெற்றார். கூலி உழைப்பாளர் வேலையையும் குடியிருப்பையும் சேர்த்தே இழந்தார். சாதி நிலவுடைமையைத் தீர்மானித்த சமூகத்தில், பட்டாவை மட்டும் பார்க்கும் சட்டம் சாதியைப் பார்க்காமலேயே சாதியைக் காப்பாற்றுகிறது.

2013ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையை மாற்றியது. அதன் பிரிவு 3(இ), நிலமற்ற வேளாண் தொழிலாளர், குத்தகையாளர், கைவினைஞர் ஆகியோரின் குடும்பங்களையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்கிறது. நிலம் எடுக்கப்படுவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அப்பகுதியில் வேலை செய்திருக்க வேண்டும். முதன்மை வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாம் அட்டவணைப்படி குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, அல்லது 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் குறைந்தது 2,000 ரூபாய் என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நிலம் இழக்கும் பட்டியல் சாதியினருக்கு, எடுக்கப்பட்ட அளவு அல்லது இரண்டரை ஏக்கர், இவற்றுள் குறைவான அளவு நிலம் தரப்பட வேண்டும்.

உரிமை ஏட்டில் இருப்பது போதாது; கணக்கெடுப்பில் பெயர் இருக்க வேண்டும். குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், நூறு நாள் வேலை அட்டை ஆகியவற்றைக் கொண்டு வசிப்பையும் உழைப்பையும் நிறுவலாம். இப்பணியைக் கணக்கெடுப்பு தொடங்கும் முன்பே சேரிதோறும் முடித்தாக வேண்டும்.

இது கடலூரோடு நிற்கும் செய்தி அன்று. கோவை அன்னூரில் தொழிற்பூங்காவுக்கு எதிராக நில உரிமையாளர்கள் போராடியதை நாம் அறிவோம். அத்தோட்டங்களில் கூலி வேலை செய்யும் அருந்ததியர் குடும்பங்களுக்கும் இச்சட்டத்தில் இடம் உண்டு. நிலம் யாருடையது என்ற கேள்வியோடு, அந்நிலத்தில் உழைத்தவர் யார் என்ற கேள்வியையும் நாம் எழுப்ப வேண்டும்.