விமானத்திற்கு வழிகாட்டும் திருத்தச் செய்தி

பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் துன் சம்பந்தன் சாலையோரம் நின்று கைப்பேசி வரைபடத்தைத் திறந்தால், நம்மைக் குறிக்கும் நீலப்புள்ளி சில வேளைகளில் எதிர்ப்புறத்தில் போய் நிற்கும். உயர்ந்த கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகளே பெரும்பாலும் அதற்குக் காரணம். நாம் கண்ணால் பார்த்துச் சரிசெய்து கொள்கிறோம். மேகத்திற்குள் இறங்கிக்கொண்டிருக்கும் விமானிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவருக்கு உயரம் துல்லியமாகத் தெரியவேண்டும், ஜி.பி.எஸ். அமைப்போ உயரத்தைக் கணிப்பதில்தான் வலுக்குன்றியது. செயற்கைக்கோள்கள் அனைத்தும் தலைக்கு மேலேயே உள்ளன. காலடிக்குக் கீழிருந்து ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை.

ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அலை, எவ்வளவு நேரத்தில் வந்து சேர்ந்தது என்பதைக் கொண்டே தொலைவு கணிக்கப்படுகிறது. ஒரு நொடியை நூறு கோடிக் கூறாக்கி, அதில் பத்துக் கூறு பிழைத்தாலே தொலைவு மூன்று மீட்டர் மாறிவிடும். வழியில் அயனி மண்டலம் அலையைத் தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதம் இடத்திற்கு இடம், வேளைக்கு வேளை வேறுபடும்.

இதற்குக் கண்ட தீர்வு எளிய எண்ணத்தில் பிறந்தது. தன் இருப்பிடத்தைச் சென்டிமீட்டர் அளவில் அறிந்த ஒரு தரைநிலையம், ஜி.பி.எஸ். சொல்லும் தொலைவோடு உண்மைத் தொலைவை ஒப்பிடுகிறது. இத்தகைய பல நிலையங்களின் அளவீடுகளை ஒரு தலைமை மையம் திரட்டித் திருத்தங்களைக் கணித்துப் புவிநிலைச் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. அக்கோள் தானாக எதையும் கணிப்பதில்லை. கண்ணாடி ஒளியைத் திருப்புவதுபோல் செய்தியைப் பரந்த நிலப்பரப்பின்மேல் திருப்பி அனுப்புகிறது. ஜி.பி.எஸ். பயன்படுத்தும் அதே அலைவரிசையில் செய்தி வருவதால், விமானத்திற்கு இன்னோர் அலைவாங்கி தேவைப்படுவதில்லை.

துல்லியம் இதன் பயன்களுள் ஒன்று. விமானத்துறை அதைவிடப் பெரிதாக மதிப்பது, ஆங்கிலத்தில் ‘இன்டெக்ரிட்டி’ எனப்படும் பண்பை. நம்பகத்தன்மை என்று மொழிபெயர்த்தால் பொருள் முழுமையாக வருவதில்லை. ‘வாய்மை’ என்பதே பொருந்தும் என நாம் கருதுகிறோம். ஏனெனில், ‘இப்போது என்னை நம்பாதே’ என்று தானே முன்வந்து சொல்லும் கடமை இவ்வமைப்புக்கு உண்டு. ஏ.பி.வி.-1 எனப்படும் தரையிறக்க நிலையில் அவ்வெச்சரிக்கை பத்து நொடிக்குள் விமானியை அடையவேண்டும். எச்சரிக்கையின்றிப் பிழைபடும் வாய்ப்பு, ஐம்பது இலட்சம் தரையிறக்கங்களில் ஒன்றுக்கு மேற்படக்கூடாது.

அமெரிக்கா 2003இல் இத்தகைய அமைப்பைத் தொடங்கியது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் இந்திய விமான நிலைய ஆணையமும் இணைந்து உருவாக்கிய ‘ககன்’, பதினைந்து தரைநிலையங்களையும் பெங்களூருவில் தலைமை மையங்களையும் கொண்டது. 2015 ஏப்ரலில் அது ஏ.பி.வி.-1 சான்றிதழ் பெற்றது. 2022 ஏப்ரல் 28 அன்று, இண்டிகோ நிறுவனத்தின் ஏ.டி.ஆர். விமானம் ஒன்று இராஜஸ்தானின் கிஷன்கட் என்னும் சிறிய விமான நிலையத்தில் ககன் துணையோடு தரையிறங்கியது. சிப்பாங்கில் உள்ளது போன்ற விலையுயர்ந்த தரைக்கருவிகளுக்கு வழியில்லாத சிறு ஓடுபாதைகளுக்கே இத்தொழில்நுட்பம் பெரிதும் உதவும். நம் நாட்டில் சரவாக் மலைநாட்டின் பாரியோ போன்ற ஊர்களை எண்ணிப்பார்க்கலாம்.

இங்கேதான் நமக்கு ஒரு வியப்பு. 2022 ஜூன் 22 அன்று ஏரியான்-5 ஏவுகலன் இரண்டு செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்றது. ஒன்று இந்தியாவின் ஜிசாட்-24. மற்றொன்று மலேசிய நிறுவனமான மீசாட்டின் ‘மீசாட்-3டி’. தென்கொரியாவின் ‘காஸ்’ அமைப்புக்கான திருத்தச் செய்தியை ஒலிபரப்பும் கருவி இந்த மலேசியக் கோளிலேயே பொருத்தப்பட்டுள்ளது. ஆயினும் அச்செய்தியைக் கொண்டு சுபாங்கில் ஒரு விமானம் தரையிறங்க இயலாது.

காரணம் திருத்தத்தின் இயல்பிலேயே இருக்கிறது. தலைமை மையம் அயனி மண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டப்புள்ளிக்கும் தாமதத்தைச் சொல்கிறது. தரைநிலையங்களின் பார்வைக்கோடுகள் கடக்காத புள்ளிகள் ‘கண்காணிக்கப்படவில்லை’ என்று குறிக்கப்படும். கொரியாவின் ஏழு நிலையங்கள் கொரிய வானத்தை அளக்கின்றன. ககனின் சேவை இந்திய வான்பரப்புக்கு உரியது. கிள்ளானில் அலை வந்து விழுகிறது. ஆனால் கிள்ளானின் வானத்தை அளந்து தருபவர் எவருமில்லை. புதிய கோள் ஏவாமலே, இம்மண்ணில் தரைநிலையங்கள் நிறுவி அண்டை அமைப்பொன்றோடு இணைவதன் வழியாகவும் சேவைப்பரப்பை விரிவாக்கலாம்.

அது மட்டும் போதுமா? திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா, காந்த நடுக்கோட்டை ஒட்டிய ஊர். 1963இல் அங்கே ஏவுதளம் அமைந்ததற்கு அதுவே காரணம். அக்கோடு மலாய்த் தீபகற்பத்தையும் கடந்து செல்கிறது. இப்பகுதியில் மாலை மங்கியபின் அயனி மண்டலத்தில் அடர்த்தி குறைந்த குமிழிகள் தோன்றி எழும். அலைகள் அவற்றில் சிதறித் துடிக்கும். ககனை உருவாக்கியோர் இந்நிலைக்கென்றே தனிக் கணிப்பு முறையை வகுக்க நேர்ந்தது. இரண்டு அலைவரிசைகளை ஒருசேரப் பெறும் அடுத்த தலைமுறைக் கருவிகள், அவற்றின் தாமத வேறுபாட்டைக் கொண்டு பிழையைத் தாமே கணித்துக்கொள்ளும். ஆயினும் குமிழிகளுக்குள் அலையே அறுந்துபோகும் இடர் அப்போதும் எஞ்சும்.

ஆசிரியர்கள் இதை வகுப்பிலும் காட்டலாம். செயற்கைக்கோள்களைப் பட்டியலிடும் செயலி சில கைப்பேசிகளில் 120 முதல் 158 வரையுள்ள எண்களையும் காட்டும். அவையே இத்திருத்தச் செய்தியை அனுப்பும் கோள்கள். 127, 128, 132 ஆகியவை ககனுக்கு உரியவை. திறந்த திடலில், மேற்கு வானம் மறைக்கப்படாத இடத்தில் நின்று தேடவேண்டும்.