எழுத்தின் திசையை எழுத்திடமே கேளுங்கள்

ஒரு சொல் வலமிருந்து இடமாக ஓடுவதா என்று நிரலில் சோதிக்க வேண்டும் என்றால், பலரும் முதலில் எழுதுவது ஓர் எண் வரம்பு. யூனிகோடில் எபிரேயத் தொகுதியை அடுத்தே அரபுத் தொகுதி வருகிறது. எழுத்தின் குறியீட்டெண் அந்த வரம்பில் விழுந்தால் ‘ஆம்’, விழாவிட்டால் ‘இல்லை’. கைக்குக் கிடைத்த நாலு சொற்களைக் கொடுத்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். அதனாலேயே இந்தத் தவறு நெடுநாள் பிடிபடுவதில்லை.

வரம்புக்குள் இருப்பவை எல்லாம் வலமிருந்து ஓடுபவை அல்ல. அரபு இலக்கங்களும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் அரபு வரியின் நடுவிலும் ஓர் எண் இடமிருந்து வலமாகவே அமையும். அரபுக் காற்புள்ளிக்கு உறுதியான திசை கிடையாது. மாலத்தீவின் தானா, மேற்கு ஆப்பிரிக்காவின் நிக்கோ, ஃபுலா மொழியின் அட்லம் ஆகிய எழுத்து முறைகளோ வலமிருந்து ஓடியும் வரம்புக்கு வெளியே நிற்கின்றன.

யூனிகோட் ஒவ்வொரு குறியீட்டெண்ணுக்கும் ஒரு திசை வகையைத் தருகிறது. மொத்தம் 23 வகைகள். அன்றாட வேலைக்குச் சில போதும்: இடமிருந்து ஓடும் எழுத்து ‘எல்’, எபிரேயம் போன்றவை ‘ஆர்’, அரபு, தானா, சிரியாக் ‘ஏஎல்’, நம் 1, 2, 3 ‘இஎன்’, அரபு இலக்கம் ‘ஏஎன்’. பாரசீக இலக்கம் அரபுத் தொகுதியிலேயே இருந்தும் ‘இஎன்’ வகையில் சேரும். பைத்தானின் ‘யூனிகோட்டேட்டா’ தொகுதியில் ‘பைடைரெக்ஷனல்’ என்ற செயற்கூறு இந்த வகையைச் சொல்லிவிடும். ஜாவாவில் ‘கெட்டைரெக்ஷனாலிட்டி’.

‘என்எஸ்எம்’ என்ற வகைதான் ஆளைக் கவிழ்ப்பது. எழுத்தின் மேலோ கீழோ ஒட்டிக்கொள்ளும் குறிகள் இதில் அடங்கும். தமக்கென்று திசை இல்லாமல், முன்னால் வரும் எழுத்தின் திசையை இவை வாங்கிக்கொள்ளும். பன்மொழி இணையப் பெயர்களுக்கு அடிப்படையாக 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3454 என்ற தர ஆவணம் இந்த இடத்தில்தான் சறுக்கியது. வலமிருந்து ஓடும் எழுத்து ஒன்றே ஒன்று இருந்தாலும், சொல்லின் முதல் குறியீடும் கடைசிக் குறியீடும் ‘ஆர்’ அல்லது ‘ஏஎல்’ ஆக இருக்க வேண்டும் என்றது விதி. பார்க்க நியாயமான விதிதான். ஆனால் தானா எழுத்தில் எழுதப்படும் திவெஹி மொழியில் சொற்கள் உயிர்க்குறியிலோ, உயிர் இல்லை என்று காட்டும் குறியிலோ முடிகின்றன. இரண்டுமே ‘என்எஸ்எம்’. ஆகவே ஒரு நாட்டின் மொழியே இணையப் பெயராக வர முடியாமல் போனது. குறியில் முடியும் இத்திஷ் சொற்களுக்கும் அதே கதி. 2010-இல் வந்த ஆர்எஃப்சி 5893 இதைத் திருத்தியது: கடைசியில் உள்ள குறிகளைத் தாண்டிப் பின்னோக்கிப் போய், அங்கே நிற்கும் எழுத்தைப் பார்.

இடமிருந்து ஓடும் எழுத்து என்பதால் தமிழ் அந்த விதியில் சிக்கவில்லை. ஆனால் ‘எல்லாக் குறியீடும் எல் வகையா’ என்று கேட்கும் நிரலிடம் நிச்சயம் சிக்கும். ‘தமிழ்’ என்ற சொல்லில் ஐந்து குறியீடுகள். முதல் நான்கும் ‘எல்’, கடைசிப் புள்ளி ‘என்எஸ்எம்’. ஈகாரக் குறியும் அப்படித்தான், இகாரக் குறியோ ‘எல்’. இந்த வேறுபாட்டை யாரும் ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது. அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

நிரல்மொழிக்கு நிரல்மொழி வசதியும் மாறும். ஜாவாஸ்கிரிப்டின் தேடல் கோவையில் (ரெஜெக்ஸ்) எழுத்து முறையின் பெயரைக் கேட்கலாம், திசை வகையைக் கேட்க முடியாது. தனி நூலகம் வேண்டும். ஜாவாவில் 16 பிட் ‘கார்’ மதிப்பைக் கொடுத்தால் அட்லம் எழுத்து இரண்டு துண்டாகிவிடும். முழுக் குறியீட்டெண்ணை ‘இன்ட்’ ஆகக் கொடுக்க வேண்டும். உங்கள் சோதனைத் தரவில் ஒரு திவெஹிச் சொல், ஓர் அட்லம் எழுத்து, ஒரு பாரசீக இலக்கம், புள்ளியில் முடியும் ஒரு தமிழ்ச் சொல் ஆகியவற்றைச் சேர்த்துவிடுங்கள். எண் வரம்பை நம்பிய நிரல் இவற்றில் ஒன்றிலாவது மாட்டிக்கொள்ளும்.