பி. ரி. 109: ஒரு சிறு போர்ப்படகின் ஊழியம்

கடற்போர் வரலாறென்றால் பெருங்கப்பல்களின் வரலாறே என எண்ணுவோர் பலர். இரண்டாம் உலகப் போரின்போது ஐக்கிய அமெரிக்கக் கடற்படை பசிபிக் சமுத்திரத்தில் ஏவிய நூற்றுக்கணக்கான சிறு ரோந்துப் படகுகளுள் ஒன்றாகிய பி. ரி. 109 இவ்வெண்ணத்திற்கு விலக்காகும். அதன் பெயரை உலகம் அறியும். ஆயின் அது ஆற்றிய ஊழியத்தை அறிந்தோர் சிலரே. அதனை இறுதியாகச் செலுத்திய யோன் எப். கென்னடி 1961ஆம் ஆண்டில் அந்நாட்டின் சனாதிபதியானமையே இப்புகழின் காரணம். தலைவரின் வரலாற்றினின்றும் படகின் வரலாற்றைப் பிரித்து நோக்குதல் ஈண்டு எமது கருத்தாகும்.

நியூ யேர்சி மாநிலத்துப் பயோன் நகரிலே, எல்கோ கம்பனியாரின் படகுத் தளத்தில், 1942ஆம் ஆண்டு யூன் மாதம் இப்படகு நீரில் இறக்கப்பட்டது. அடுத்த மாதமே கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் நீளம் 80 அடி. நிறை 50 தொன்னுக்குச் சற்று மேல். ஒட்டுப்பலகையாற் செய்த படகென்று பலரும் எழுதிவிடுகின்றனர். அது தவறு. மகோகனிப் பலகைகளைச் சாய்வாக இரு படைகளில் அடுக்கி, இடையே பசை தோய்ந்த கித்தானை வைத்து இறுக்கியதே அதன் உடல். விமானங்களுக்கு உரிய பெற்றோலால் இயங்கிய மூன்று பக்காட் இயந்திரங்கள் மணிக்கு ஏறக்குறைய 40 கடல் மைல் வேகத்தில் அதனைச் செலுத்த வல்லன. ஆனால், 3000 கலன் பெற்றோலை மரப்படகிலே சுமந்துகொண்டு குண்டுகளினூடே செல்வது எத்தகையதென்பதை வாசகர் தாமே உய்த்துணர்வர். நான்கு தொர்ப்பீடோக்களே அதன் தலையாய படைக்கலங்கள். அவை முதலாம் உலகப் போர்க் காலத்து அமைப்பின, வேகங் குறைந்தவை. குழாயினின்றும் அவற்றை உந்தித் தள்ளுவது கரிமருந்து. அதன் பொறியொளியோ, இருளில் மறைந்து நின்ற படகைப் பகைவனுக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

1942ஆம் ஆண்டின் இறுதியிற் படகு சொலமன் தீவுகளிலுள்ள துலாகியை அடைந்தது. அருகிலுள்ள குவாடல்கனால் தீவுக்கான போர் அப்போது நடந்துகொண்டிருந்தது. பகலில் அமெரிக்க விமானங்களுக்கு அஞ்சிய யப்பானியர், படைஞரையும் உணவையும் நாசகாரிக் கப்பல்களில் ஏற்றி இரவில் அனுப்பினர். அவற்றை வழிமறித்தலே சிறு படகுகளின் பணி. 1943 பெப்ரவரியில் யப்பானியர் அத்தீவைக் கைவிட்டனர். 109இன் கணக்கிற் பெருவெற்றி எதனையும் எழுதுவதற்கில்லை. ஏப்ரிலிற் கென்னடி பொறுப்பேற்றபோது, அது தேய்ந்து, பழுதுபார்க்க வேண்டிய நிலையில் இருந்தது. போர் வடமேற்கே நகரவே, யூலையிற் படகும் றெண்டோவாத் தளத்துக்குச் சென்றது.

ஓகஸ்ட் 1ஆம் திகதி இரவு 15 படகுகள் புறப்பட்டன. கொலம்பங்காரா என்னும் தீவிலிருந்த யப்பானியப் படைக்குத் துணைப்படை கொண்டுவரும் நான்கு நாசகாரிகளைத் தடுப்பதே நோக்கம். புறப்படுமுன் 37 மில்லிமீற்றர்ப் பீரங்கியொன்று 109இன் முன்றளத்திலே மரச்சட்டங்களின் மேல் பொருத்தப்பட்டது. அதற்கு இடமளிக்கும் பொருட்டு உயிர்காப்புத் தெப்பம் அகற்றப்பட்டது. இச்சிறு மாற்றத்தை வாசகர் மனத்திற் கொள்க.

அன்றைய போர் முழுத் தோல்வியாய் முடிந்தது. 30 தொர்ப்பீடோக்கள் ஏவப்பட்டும் ஒன்றேனும் இலக்கிற் படவில்லை. நாசகாரிகள் படைஞரை இறக்கின. ராடர்க் கருவி நான்கு முதன்மைப் படகுகளிலேயே இருந்தது. அவையோ தம் தொர்ப்பீடோக்களை ஏவியபின் தளம் திரும்பிவிட்டன. கண்ணற்ற படகுகள் இருளிற் காவல் நின்றன. நீரில் எழும் ஒளிச்சுவட்டை விமானங்கள் காணாதிருக்க, 109 ஓர் இயந்திரத்தை மட்டும் இயக்கி மெல்லச் சென்றது. 2ஆம் திகதி அதிகாலை 2 மணிக்குப் பின், தளம் மீண்டுகொண்டிருந்த அமகிரி என்னும் நாசகாரி இருளினின்றும் தோன்றி அதனைப் பிளந்து சென்றது. அத்துணை விரைவான படகு ஏன் விலகவில்லை என்று தலைவரைக் குறை கூறுவோர் உளர். ஓர் இயந்திரத்தில் ஊர்ந்த படகை ஒரு கணத்திற் பாயச் செய்தல் இயலாது. குறை இருப்பின், அது ராடர் தாங்கிய படகுகளை முதலில் திரும்பவிட்ட போர்த்திட்டத்தினுடையது என்பதே எமது துணிபு.

இருவர் மாண்டனர், பதினொருவர் எஞ்சினர். மிதந்த முன்பாகத்தைப் பற்றிக்கொண்டு அவர்கள் பல மணிநேரம் இருந்தும் எப்படகும் தேடி வரவில்லை. அது அமிழத் தொடங்கவே, மூன்றரை மைல் தொலைவிலுள்ள சிறு தீவொன்றுக்கு நீந்தினர். நீந்தத் தெரியாதோரைத் தாங்கிச் சென்றது எது? பீரங்கிக்கு அடியிலிருந்த மரச்சட்டமே. தெப்பத்தின் இடத்தைக் கவர்ந்த பொருளே தெப்பமாயிற்று. தீக்காயமுற்ற மக்மகன் என்பாரின் உயிர்காப்புச் சட்டையின் வாரைப் பல்லாற் கவ்வி, நான்கு மணிநேரம் நீந்தி அவரைக் கரைசேர்த்தார் கென்னடி. பின்னர், தென்னைகளை நாடி அவர்கள் ஒலசானா என்னும் தீவுக்கு மாறினர்.

அவர்களைக் கண்டுபிடித்தோர் பியூக்கு காசா, எரோனி குமானா என்னும் தீவுவாசிகள் இருவர். கொலம்பங்காரா மலையில் ஒளிந்திருந்து பகைவரை வேவு பார்த்த அவுஸ்திரேலியராகிய எவன்ஸ் என்பாருக்குத் துணைபுரிந்த சாரணர் அவர்கள். தேங்காய் ஒன்றிற் கத்தியாற் பொறித்த செய்தியை ஏற்று, பகைவர் உலாவிய கடலிலே சிறு வள்ளத்தில் முப்பது மைலுக்கும் அதிகமாகத் துடுப்பு வலித்து றெண்டோவாவை அடைந்தனர். பிடிபட்டிருப்பின் அத்தேங்காயே அவர்களுக்குக் கொலைச்சான்று ஆகியிருக்கும். ஓகஸ்ட் 8ஆம் திகதி பி. ரி. 157 பதினொருவரையும் மீட்டது.

அத்தேங்காய் வெள்ளை மாளிகையில் கென்னடியின் மேசையை அணிசெய்தது. பின்னர் பொஸ்ரன் நகரில் அவர் பெயரால் அமைந்த நூலகத்தைச் சேர்ந்தது. அதனைச் சுமந்தோர் 1961ஆம் ஆண்டுப் பதவியேற்பு விழாவுக்கு அழைக்கப்பட்டும் அங்குச் செல்லும் பேறு பெற்றிலர். காசா 2005ஆம் ஆண்டிலும், குமானா 2014ஆம் ஆண்டிலும் தம் தீவுகளிலேயே காலமாயினர். அமகிரி 1944 ஏப்ரிலில் மக்காசர் நீரிணையிற் கண்ணிவெடியில் அகப்பட்டு மூழ்கியது. 2002ஆம் ஆண்டில் றொபேட் பலாட் என்னும் கடலாய்வாளர் கொலம்பங்காராவுக்கு அருகே ஆழ்கடலில், 109இனது என்று கருதப்படும் தொர்ப்பீடோக் குழாயொன்றைக் கண்டார். மரவுடலின் எச்சம் மணலுள் மறைந்து கிடந்தது.