காத்து திரும்பும், அலை திரும்பாது

வெள்ளானூர்ல எங்க வீட்டு ரூம்ல இருந்துதான் பேசுறேன். இங்கேருந்து மெரினாவுக்கே பஸ் மாறித்தான் போகணும், இவன் பாய்மரப் படகைப் பத்திப் பேசுறானான்னு சிரிக்காதீங்க. மொட்டை மாடியில துணி காயப்போட்டவங்களுக்கு இது புரியும். மழைக்கு முன்னாடி சில்லுனு ஒரு காத்து அடிக்கும். அப்புறம் ஓடினா பாதித் துணி நனைஞ்சிருக்கும்.

கடல்லயும் அதே கணக்குதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், பாய் மேல விழுற விசை நாலு மடங்காகும். அதனால 'பாயைச் சுருக்கலாமா?'ன்னு முதல் தடவை தோணும்போதே சுருக்கிடணும்.

தெற்குப் பெருங்கடல்ல குறுக்கே நிலம் கிடையாது. தாழ்வழுத்தங்கள் மேற்கிலிருந்து கிழக்காக ஒன்னு பின்னாடி ஒன்னா ஓடும். பாரோமீட்டர் இறங்க இறங்க வடமேற்குக் காத்து வலுக்கும். பிறகு சட்டுனு தென்மேற்குக்குத் திரும்பும், பாரோமீட்டர் ஏறும். 'அப்பாடா'ன்னு தோணும். அங்கதான் மாட்டுவோம்! காத்து சில நிமிஷத்துல திரும்பிடும், அலை திரும்பாது. பழைய அலை வடமேற்கிலிருந்து வந்துக்கிட்டே இருக்க, புது அலை குறுக்கே எழும்பும். ரெண்டும் சேர்ற இடத்துல படகை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு அலைக்கு விலாவைக் காட்டியாகணும்.

2018 செப்டம்பர் 21. கோல்டன் குளோப் பந்தயம். தனி ஆளு, ஜி.பி.எஸ். கூடாது. தென் இந்தியப் பெருங்கடல் புயல்ல கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் 'துரியா' புரண்டு பாய்மரம் முறிஞ்சது. முதுகெலும்புல அடி, நடக்க முடியல. மூணு நாள் கழிச்சு 'ஒசிரிஸ்'ங்கிற பிரெஞ்சுக் கப்பல் வந்து தூக்கிச்சு. அதே மனுஷன் அடுத்த பந்தயத்துல, 2023 ஏப்ரல்ல, இரண்டாவதா வந்தார். எனக்கு இன்னும் நம்ப முடியல.

நம்ம பக்கத்து ஆளும் இருக்காங்க. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் தில்னாவும், ரெண்டு பேரும் கடற்படை லெப்டினன்ட் கமாண்டர்கள். 'தாரிணி' படகுல 2024 அக்டோபர் 2-ல கோவாவிலிருந்து கிளம்பி, உலகத்தைச் சுத்தி 2025 மே 29-ல திரும்பினாங்க.

இப்ப செயற்கைக்கோள் வழியா முன்னறிவிப்பு கிடைக்குது. ஆனா ஒரு குட்டி மேகம் கொண்டுவர்ற திடீர்க் காத்து அதுல தெரியாது. ராத்திரியில அதுக்குக் கண்ணுதான். அடிவானத்துல நட்சத்திரங்கள் ஒவ்வொன்னா மறைய ஆரம்பிச்சா, தூங்குற ஆளை எழுப்பிடணும்.