அரசிதழும் விதித்தொகுப்பும்

1948ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் நிகழ்ந்த ஒரு குற்றத்திற்காக, ஜெய்ப்பூர் அபினிச் சட்டத்தின்கீழ் ஹர்லா என்பவருக்கு ரூ.50 தண்டம் விதிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. ஆராய்ந்தபோது வியப்பான செய்தி ஒன்று வெளிப்பட்டது. அச்சட்டத்தை ஜெய்ப்பூர் அமைச்சரவை 1923 டிசம்பரில் தீர்மானமாக நிறைவேற்றியிருந்தது. ஆயின், அரசிதழிலோ வேறு எவ்வகையிலோ அதனை மக்களுக்கு அறிவிக்கவில்லை. மக்கள் அறிய இயலாத சட்டத்தைக் கொண்டு அவர்களைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு முரணானது என நீதிபதி விவியன் போஸ் 1951இல் தீர்ப்பளித்தார். தண்டனை நீங்கியது.

சட்டமன்றம் இயற்றும் சட்டம் பெரும்பாலும் எலும்புக்கூடு போன்றது. கட்டணம் எவ்வளவு, விண்ணப்பம் எவ்வடிவில், முறையீட்டுக்குக் காலம் எத்தனை நாள் என்பனவற்றை அரசு வகுக்கும் விதிகளே கூறும். மக்களின் அன்றாட வாழ்வைத் தொடுவன அவையே. தமிழ்நாட்டில் அவை அரசிதழில் வெளியாகின்றன. 1832இல் புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழாகத் தொடங்கிய மரபு இது. புதன்கிழமைதோறும் வெளிவரும் இதழன்றி, விரைவு வேண்டுமிடத்துச் சிறப்பிதழும் உண்டு.

வெளியிட்டால் மட்டும் போதுமா? திருத்த அறிவிக்கை விதி முழுவதையும் மீண்டும் அச்சிடுவதில்லை. '5ஆம் விதியில், முப்பது நாட்கள் என்னும் சொற்களுக்கு மாற்றாக அறுபது நாட்கள் என்னும் சொற்கள் அமைக்கப்படும்' என்ற அளவில் அது நின்றுவிடும். மூல விதியைக் கையில் வைத்திராதவருக்கு இவ்வரி விளங்காது. மூலத்தை மட்டும் வைத்திருப்பவரோ, நாற்பதாம் நாளில் காலம் கடந்ததென எண்ணி முறையீட்டைக் கைவிடுவார். இரண்டையும் இணைத்து ஒரே பாடமாகத் தருவதே விதித்தொகுப்பின் பணி.

பழைய அலுவலகக் கையேடுகளைப் புரட்டியோர் திருத்தச் சீட்டுகளைக் கண்டிருப்பர். பசை தடவி உரிய பக்கத்தில் ஒட்டப்பட்ட சிறு தாள்கள் அவை. ஒரு சீட்டின்மேல் மற்றொன்று ஏறி, நூல் தன் அட்டைக்குள் அடங்காமல் பருத்திருக்கும். ஒட்ட மறந்த சீட்டு ஒன்று போதும். அவ்வலுவலகத்தில் நீங்கிய விதியே தொடர்ந்து ஆளும். எழுத்தர் பணியை எளிய பணியென்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்ததில்லை போலும்.

தொகுப்புக்கும் அரசிதழுக்கும் இடையே வேறுபாடு தோன்றின், அரசிதழில் உள்ள பாடமே செல்லும். ஆகவே நல்ல தொகுப்பு, ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் அரசாணை எண்ணையும் நடைமுறைக்கு வந்த நாளையும் அடிக்குறிப்பாகக் காட்டும். எந்நாள்வரை திருத்தப்பட்டது என்பதை முகப்பிலேயே சொல்லும்.

இன்று தொகுப்புகள் கணினித்திரைக்கு வந்துவிட்டன. பசையின் தொல்லை ஒழிந்தது. புதிய தொல்லை ஒன்று முளைத்தது. புதிய பாடத்தை இடும்போது பழையது சுவடின்றி அழிந்துவிடக்கூடும். செயல் நிகழ்ந்த நாளில் நடைமுறையிலிருந்த சட்டத்தை மீறினாலன்றி எவரையும் குற்றவாளியாகத் தீர்மானிக்கலாகாது என்பது நம் அரசியலமைப்பின் 20ஆம் உறுப்பு. பத்தாண்டுக்கு முன் நிகழ்ந்த செயலை இன்று விசாரிக்கும் நீதிமன்றத்திற்குத் தேவைப்படுவது அந்நாளைய விதி. அதனால், நீக்கப்பட்ட விதியையும் அதன் தொடக்க, முடிவு நாட்களுடன் தொகுப்பாளர் காத்துவைத்தல் வேண்டும்.